வேதாளத்தை முருங்கை தாங்குமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கோயில் வாகனங்களைப் பற்றி நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு, கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வாசகர்கள் பலர் கதைகளில் வரும் விலங்குகளையும் பேய் பூதங்களையும் குறித்துக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கடிதங்களும் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருப்பதால் இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: யாளி என்பது ஒரு காலத்தில் உண்மையாகவே வாழ்ந்து, டைனோசரைப் போல அழிந்துபோன விலங்கு என்று கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்தேன். இத்தனை கோயில்களிலும் ஒரே உருவத்தைச் செதுக்கியிருப்பதே அதற்குச் சான்று என்கிறார்கள். உண்மையா ஐயா?
– கல்லூரி மாணவர், சிதம்பரம்

பதில்: இல்லை. ‘ஒரே உருவம்’ என்று சொல்லும் இடத்திலேயே அந்த வாதம் சரிந்துவிடுகிறது. சிங்க முகத்து யாளி உண்டு. தும்பிக்கையும் தந்தமும் உடைய யாளி உண்டு. குதிரை முகத்து யாளியும் உண்டு. கண்ணால் கண்ட விலங்கைச் செதுக்கிய சிற்பிகள், யானைக்கு ஓர் ஊரில் தும்பிக்கையும் வேறோர் ஊரில் கொம்பும் வைக்கவில்லை. யாளியின் உறுப்புகளை மட்டும் இடத்துக்கு இடம் மாற்ற முடிந்ததென்றால், அதைச் சரிபார்க்க எதிரே நிற்கும் விலங்கு எதுவும் இருக்கவில்லை என்பதே பொருள். அதன் எலும்பு என்று ஒரு துண்டுகூட இதுவரை கிடைக்கவுமில்லை.

ஆனால், ‘கற்பனை’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டால் தாங்கள் இழப்பது அதிகம். பொருநராற்றுப்படையில் கரிகாலனின் இளமை வீரத்தைச் சொல்ல வந்த முடத்தாமக்கண்ணியார், தாய்ப்பால் குடிப்பதை இன்னும் விடாத ஆளிக்குட்டி (ஆளி என்பது யாளியின் பழம்பெயர்), தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றது போல என்று உவமை சொல்கிறார். அந்த வரிகளில் தும்பிக்கையைப் பற்றிய பேச்சே இல்லை. வலிமையும், அணங்கு என்னும் அச்சமூட்டும் தெய்வத்தன்மையும்தான் இருக்கின்றன. சொல்லில் பிறந்த விலங்குக்குக் கல்லில் உடல் கொடுக்க வேண்டிய நிலை வந்தபோது, பிற்காலச் சிற்பிகள் தாம் அறிந்த விலங்குகளிலிருந்து முகத்தையும் காலையும் வாலையும் கடன் வாங்கிக்கொண்டார்கள் என்று நான் கருதுகிறேன். யானையையே வெல்லும் விலங்குக்கு யானையின் தும்பிக்கையையும் சேர்த்துக் கொடுத்தவர் நிச்சயம் குறும்புக்காரராக இருந்திருப்பார்.

கோயிலில் யாளிக்கு வேலையும் உண்டு. அடித்தளத்தில் வரிசையாக நின்று கட்டடத்தைச் சுமப்பது போலத் தோற்றமளிக்கும். படிக்கட்டின் இருபுறமும் துதிக்கையைச் சுருட்டி நீட்டிக் கைப்பிடிச் சுவராகும். விசயநகர, நாயக்கர் காலத்து மண்டபங்களில் தூணாகவே எழுந்து நிற்கும். அத்தகைய தூண்கள் சிலவற்றில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடப்பதைத் தாங்கள் விரலால் உருட்டிப் பார்க்கலாம், வெளியே எடுக்க முடியாது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் பல்லவர் குடைந்த குகையைச் சுற்றி யாளித் தலைகள் வளையமாக அமைந்திருக்கின்றன. ஊரார் அந்த இடத்தைப் ‘புலிக்குகை’ என்று அழைக்கிறார்கள். அவ்வளவு தொலைவு போக வேண்டாம் என்றால், இசை கற்கும் வீடு ஏதேனும் ஒன்றில் வீணையைப் பாருங்கள். தண்டின் முனையில் வளைந்து கீழ்நோக்கியிருக்கும் முகம் யாளியுடையதுதான்.

கேள்வி: என் ஏழு வயது மகளின் பள்ளிப் பை, தண்ணீர்ப் போத்தல், செருப்பு எல்லாவற்றிலும் யுனிகார்ன் படம்தான். “நம்ம ஊரில் இது இல்லையா அம்மா?” என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
– வாசகி, லாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்த விலங்கு நம் பக்கத்திலிருந்துதான் போனது என்று தயங்காமல் சொல்லுங்கள் அம்மா. கிறித்துவுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முன்பு பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த தெசியாசு என்னும் கிரேக்கர், நெற்றியில் ஒற்றைக் கொம்புடைய காட்டுக்கழுதைகள் இந்தியாவில் வாழ்வதாக எழுதிவைத்தார். அவர் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர்; பிறர் சொல்லக் கேட்டு எழுதியவர். காண்டாமிருகத்தைப் பற்றிய செய்திதான் வாய்க்கு வாய் மாறி அவரிடம் அப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பலர் கருதுகிறார்கள். பின்னாளில் ஐரோப்பிய வணிகர்கள் வடகடலில் வாழும் நார்வால் திமிங்கிலத்தின் நீண்ட தந்தத்தை ‘யுனிகார்ன் கொம்பு’ என்று சொல்லி, நஞ்சை முறிக்கும் மருந்தாகப் பெரும்பொருளுக்கு விற்றார்கள். இன்று தங்கள் மகளின் பையில் இருக்கும் கொம்பு முறுக்கு முறுக்காக இருப்பதற்குக் காரணம் அந்தத் தந்தம்தான்.

சிந்துவெளி முத்திரைகளில் மிகுதியாகக் காணப்படும் விலங்கும் ஒற்றைக் கொம்புடையதே. பக்கவாட்டில் வரைந்ததால் இரண்டு கொம்புகள் ஒன்றாகத் தெரிகின்றனவா, உண்மையிலேயே ஒற்றைக் கொம்புதானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கம்பராமாயணத்தில் தயரதனுக்காக வேள்வி நடத்தித் தரும் கலைக்கோட்டு முனிவருக்கும் நெற்றியில் மான்கொம்பு உண்டு. அவர் குதிரையாக இல்லாததால் செருப்பில் இடம்பெறவில்லை.

கேள்வி: விக்கிரமாதித்தன் கதை சொல்லும்போது என் பேரன் ஒரு கேள்வி கேட்டு வாயடைத்துவிட்டான். “முருங்கைக் கிளை தொட்டாலே ஒடிந்துவிடும் என்று என்னை ஏறவிட மாட்டீர்களே தாத்தா, வேதாளம் மட்டும் எப்படித் தலைகீழாகத் தொங்குகிறது?”
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், புதுப்பாளையம், கடலூர்

பதில்: தங்கள் பேரன் கதையின் பலவீனமான கிளையைச் சரியாகப் பிடித்துவிட்டான். வடமொழியில் இக்கதைகளைக் கொண்ட கதாசரித்சாகரத்தில், பதினோராம் நூற்றாண்டுக் காசுமீரத்துச் சோமதேவர், பிணம் தொங்கும் மரத்தைச் ‘சிம்சபா’ என்கிறார். அது உறுதியான மரம். தமிழில் கதை சொன்னவர்கள் அதை முருங்கையாக்கிவிட்டார்கள். ‘வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது’ என்பது பழமொழியாகவே நிலைத்துவிட்டது.

ஏன் முருங்கை? என் ஊகம் இது: அந்த மரத்தின் மீது நம் வீடுகளில் ஏற்கெனவே பேய் இருந்தது. வாசலில் முருங்கை வைக்கக் கூடாது, பேய் ஏறும் என்று பாட்டிமார் சொல்வதற்கு இரண்டு நல்ல காரணங்கள் உண்டு. கிளை மெலிந்தது, ஏறும் பிள்ளை விழுந்து கையை ஒடித்துக்கொள்ளும். மழைக்குப் பின் கம்பளிப்பூச்சி அடையடையாகப் பிடிக்கும், மேலே பட்டால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். இதை விளக்கிச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? பேய் என்று சொன்னால் ஒரே சொல்லில் வேலை முடிந்தது. ஆகவே வேதாளம் தமிழ்நாட்டுக்கு வந்தபோது அதற்கென்று ஒரு மரம் காலியாகக் காத்திருந்தது.

பேரனிடம், வேதாளம் பிணத்துக்குள் புகுந்த ஆவி என்பதால் அதற்கு எடை குறைவு என்று சொல்லிப் பாருங்கள். ‘அப்படியென்றால் அரசன் அதைத் தோளில் சுமந்து ஏன் களைத்தான்?’ என்று அவன் கேட்டால் அடுத்த கடிதத்தை எதிர்பார்ப்பேன்.

கேள்வி: என் தாத்தா சைகோனில் பிரெஞ்சு அரசாங்க வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த மரப்பெட்டியில் முத்துச்சிப்பி பதித்த டிராகன் இருக்கிறது. வீட்டில் நாக தோசம் வரும், விற்றுவிடுங்கள் என்கிறார் உறவினர் ஒருவர். டிராகன் நல்லதா, கெட்டதா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: விற்க வேண்டாம். அது எந்த ஊர் டிராகன் என்பதைப் பொறுத்தே அதன் குணம். சைகோன் வியட்நாமில் இருப்பதால், தங்கள் பெட்டியில் இருப்பது நல்ல ஊரிலிருந்து வந்தது.

ஐரோப்பாவின் டிராகன் நெருப்பைக் கக்கும், புதையலைக் காக்கும், கடைசியில் ஒரு வீரனின் ஈட்டிக்கு இரையாகும். கிறித்தவ மறையில் அது தீமையின் உருவம். திருவெளிப்பாட்டில் மிக்கேல் அதிதூதரோடு போரிட்டு வீழும் அந்த உயிரை நம் மொழிபெயர்ப்பாளர்களில் ஒரு சாரார் ‘வலுசர்ப்பம்’ என்றும், மற்றொரு சாரார் ‘அரக்கப் பாம்பு’ என்றும் தமிழாக்கினார்கள். இரண்டுமே நல்ல சொற்கள். ஆனால் இரண்டிலும் பாம்பு இருப்பதால், டிராகன் என்றாலே நாகம் என்ற எண்ணம் நம் மனத்தில் விழுந்துவிட்டது. தங்கள் உறவினரின் அச்சம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

வியட்நாமியரின் டிராகன் வேறு பிறவி. அது நெருப்பை அறியாது. நீருக்கும் மழைக்கும் உரியது. கடல்நாட்டு டிராகன் குலத்து அரசன் ஒருவனும் மலைநாட்டுத் தேவமகள் ஒருத்தியும் மணந்து, அவள் இட்ட நூறு முட்டைகளிலிருந்து நூறு பிள்ளைகள் பிறந்தார்கள் என்றும், பின்னர் ஐம்பது பேர் தாயோடு மலைக்கும் ஐம்பது பேர் தந்தையோடு கடற்கரைக்கும் போனார்கள் என்றும், அவர்களே தங்கள் முன்னோர் என்றும் அம்மக்கள் சொல்லிக்கொள்கிறார்கள். 1010ஆம் ஆண்டு தலைநகரை மாற்றிய அரசர், இன்றைய ஹனோய்க்கு ‘எழும் டிராகன்’ என்று பொருள்படும் தங் லாங் என்ற பெயரைச் சூட்டினார். சுற்றுலாப் பயணிகள் போகும் ஹா லாங் விரிகுடாவின் பெயருக்கு ‘இறங்கும் டிராகன்’ என்று பொருள்.

பெட்டியில் இருக்கும் உருவத்தின் நகங்களை எண்ணிப் பாருங்கள். சீனத்தில் ஐந்து நகமுடைய டிராகன் பேரரசருக்கு உரியதாகக் கருதப்பட்டது; வியட்நாம் அரசவையும் அம்மரபைப் பின்பற்றியது. குடிமக்கள் வீட்டுப் பொருள்களில் நான்கோ மூன்றோ நகங்கள் இருப்பதுதான் வழக்கம். 1881ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று ‘ரெனோன்சான்’ ஆன புதுச்சேரித் தமிழர் பலர் அரசுப் பணிக்காகச் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். அந்தக் குடும்பங்களின் வீடுகளில் இத்தகைய பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. மேலே துணி மூட்டையை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிப்பி பெயர்ந்தால் மறுபடி பதிக்க ஆள் கிடைப்பது அரிது.

கேள்வி: பூச்சாண்டி பார்க்க எப்படி இருப்பான்?
– நான்காம் வகுப்பு மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: யாரும் பார்த்ததில்லை கண்ணு. பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்பதற்காகத்தான் பெரியவர்கள் அவனுக்கு மூக்கு, வாய் எதுவும் சொல்லாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். நீயே ஒரு படம் வரைந்து அம்மாவிடம் காட்டு. அதன்பிறகு சாப்பிடாவிட்டால் அவனைக் கூப்பிட மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் குப்பத்தில் கடல்கன்னியைப் பற்றிப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். அது நம்முடைய கதையா, வெள்ளைக்காரர் கதையா? கடலில் அப்படி ஏதாவது இருக்கிறதா?
– மீனவர் குடும்பத்து இளைஞர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: பெயர் நம்முடையது, வால் பெரும்பாலும் இரவல். கடற்கரை ஊர்களில் கன்னிமார் வழிபாடு பழையது, ஆனால் ஏழு கன்னிமாருக்கும் மீன்வால் கிடையாது. இடுப்புக்குக் கீழே பாம்புடலாக இருக்கும் நாககன்னி நம் சிற்பங்களில் உண்டு; எனவே அச்சுப் படங்களிலும் திரைப்படங்களிலும் மீன்வால் பெண் வந்தபோது, அவளை அடையாளம் கண்டுகொள்ள நமக்குச் சிரமம் இருக்கவில்லை. சயாம் நாட்டு இராமாயணத்தில், சேது கட்டும்போது கற்களைத் திருடிச் செல்லும் மீன்மகள் ஒருத்தி அனுமனோடு காதல் கொள்கிறாள். கம்பரிடம் அவளுக்கு இடமில்லை. பட்டினப்பாலை காட்டும் பரதவரோ சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வணங்கினார்கள். கடலைத் தினமும் பார்ப்பவர்கள் வணங்கியது அழகிய பெண்ணை அல்ல, வலையைக் கிழிக்கும் கொம்பை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

கடலில் இருப்பது ஆவுளியா. கடற்பசு என்றும் சொல்வார்கள். கடற்புல் மேயும் பாலூட்டியான அது, மூச்சுவிட நீருக்கு மேலே தலையைத் தூக்கும். மடி முன்துடுப்புகளுக்குக் கீழே, ஏறத்தாழ அக்குளில் இருக்கும். தொலைவிலிருந்து மங்கிய வெளிச்சத்தில் பார்த்த மாலுமிகளுக்கு அது பெண்ணாகத் தெரிந்திருக்கிறது. 1493ஆம் ஆண்டு சனவரியில் கரீபியத் தீவுகளை ஒட்டிய கடலில் மூன்று கடல்கன்னிகளைக் கண்டதாகக் குறித்த கொலம்பசு, படத்தில் இருப்பது போல அவர்கள் அழகாக இல்லை என்று வருத்தத்தோடு எழுதினார். அவர் கண்டது ஆவுளியாவின் உறவான மானட்டீ என்னும் விலங்கு. கடலூர்க் கரையில் பரந்த கடற்புல் படுகைகள் இல்லாததால் ஆவுளியாவைத் தாங்கள் காண்பது கடினம். பாக்கு நீரிணையில் அதற்கென 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறது.

கேள்வி: திருவக்கரைக்குச் சென்றபோது, அங்கே கிடக்கும் கல்மரங்கள் அசுரனின் எலும்புகள் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்னார். இப்படிப் பெயர் வந்தது எப்படி?
– வாசகி, பாகூர்

பதில்: நேரில் பார்த்தவர் யாரும் அந்தக் கதையைக் குறைசொல்ல மாட்டார். வெட்ட வெளியில், செம்மண்ணில், ஆளை விடத் தடித்த, கல்லாய் இறுகிய நீண்ட உருளைகள் கிடந்தால் வேறு என்ன நினைப்பது? வக்கிராசுரன் திருமாலின் சக்கரத்தால் வீழ்ந்த இடம் என்று அவ்வூர்த் தலபுராணம் சொல்வதால் எலும்புக்குச் சொந்தக்காரனும் கிடைத்துவிட்டான். அவை ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள். கிளையும் வேரும் இல்லாமல் அடிமரம் மட்டும் கிடப்பதே அவை வேறிடத்திலிருந்து வந்தவை என்பதைக் காட்டுகிறது. அவற்றைப் பொதிந்திருக்கும் பாறைக்கு நிலவியலார் வைத்த பெயர் ‘கடலூர் மணற்கல்’ என்பதை நம் மாவட்டத்து வாசகர்கள் பெருமையோடு குறித்துக்கொள்ளலாம். கிரேக்கரின் ஒற்றைக்கண் அரக்கன்கூட, மத்தியதரைக் கடல் தீவுகளில் கிடைத்த குள்ள யானையின் மண்டையோட்டில், துதிக்கைக்கான நடுத்துளையைக் கண் என்று எண்ணியதால் பிறந்தவன் என்று கருதிய அறிஞர் உண்டு.

கேள்வி: இலக்கியத்தில் தாங்கள் மிகவும் விரும்பும் கற்பனை உயிர் எது?
– தமிழ் முதுகலை மாணவி, காலாப்பட்டு

பதில்: அசுணம். அதைப் பறவை என்பாரும் விலங்கு என்பாரும் உண்டு. அதன் உருவத்தை யாரும் தெளிவாகச் சொன்னதில்லை, செவியை மட்டுமே சொன்னார்கள். வண்டுகளின் முரற்சியை யாழிசை என்று எண்ணி மலைக்குகையிலிருந்து அது காது கொடுத்துக் கேட்பதாக அகநானூற்றுப் பாட்டொன்று சொல்கிறது. நற்றிணையில் வரும் செய்தி கொடியது. தலைவனின் மார்பு சேர்ந்தபோது இன்பமும் பிரிந்தபோது துன்பமும் தருவதைச் சொல்ல வந்த தலைவி, அசுணத்தைக் கொல்பவர் கையைப் போல என்கிறாள். யாழை மீட்டி அதை வரவழைத்த அதே கை, அருகில் வந்ததும் பறையை அறைந்து அதன் உயிரைப் போக்குமாம். கூர்ந்த செவி ஒன்றுக்காகவே ஓர் உயிரைப் படைத்து, அந்தச் செவியாலேயே அதைச் சாகவும் வைத்த புலவர்களை நினைத்தால் எனக்குச் சற்றுக் கோபம்கூட வருகிறது.

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நடிக்க, அதிகம் கேட்டிராத விந்தை விலங்குக் கதை ஒன்று சொல்லுங்கள். டிராகனும் மந்திரவாதியும் வேண்டாம்.
– ஆசிரியை, வில்லியனூர்

பதில்: புருடாமிருகத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மனித முகமும் சிங்க உடலும் கொண்ட அந்த உருவத்தைச் சிதம்பரம் நடராசர் கோயிலில் பிள்ளைகளுக்குக் காட்டவும் செய்யலாம்.

தருமர் நடத்தும் வேள்விக்கு அவ்விலங்கை அழைத்துவரப் பீமன் போகிறான். அது வருவதற்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது: பீமன் முன்னால் ஓட வேண்டும், எல்லையைத் தொடுவதற்குள் பிடிபட்டால் அவன் அதற்கு இரை. காற்றாய் வரும் அந்த மிருகம் பெரிய சிவபக்தன் என்பதை அறிந்த கண்ணன், பீமன் கையில் உருத்திராக்கங்களைக் கொடுத்தனுப்புகிறான். அது நெருங்கும்போதெல்லாம் ஒன்றைக் கீழே போட, விழுந்த இடத்தில் இலிங்கம் எழும். பூசை செய்யாமல் அதனால் அந்த இடத்தைக் கடக்க முடியாது. இப்படியே ஓடி, ஒரு காலை எல்லைக்குள் வைத்த நேரத்தில் மறு கால் பிடிபடுகிறது. வழக்கு தருமரிடமே போகிறது. தம்பி என்று பாராமல் அவர், எல்லைக்கு வெளியே இருந்த பாதி உடல் மிருகத்துக்கு என்று தீர்ப்பளிக்கிறார். அந்த நேர்மையைக் கண்டு மகிழ்ந்த மிருகம் பீமனை விட்டுவிடுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் சிவராத்திரியன்று பன்னிரண்டு கோயில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டத்துக்கும் இக்கதையையே காரணமாகச் சொல்கிறார்கள்.

மேடைக்கு இதில் எல்லாம் இருக்கிறது: ஓட்டம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, வழக்குமன்றம் இருக்கிறது; வசனம் மனப்பாடம் ஆகாத பிள்ளைகளை இலிங்கமாக உட்காரவைத்துவிடலாம். மிருகத்தின் முகமூடிக்குக் கடையில் பிளாசுடிக் வாங்க வேண்டாம். தங்கள் ஊருக்கு அருகிலேயே திருக்கனூரில் காகிதக்கூழ் கொண்டு பொம்மை செய்யும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்துப் பசை சேர்த்தால் பள்ளியிலேயே செய்துவிடலாம். நன்றாகக் காய்வதற்கு நாள் பிடிக்கும் என்பதால் மழைக்காலத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.